பிழையும் பரிசும் கையை எப்படிப் பழக்குகின்றன? பயிற்சி தருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் கைக்கு வேலை பழக்கிக்கொடுப்பவர்கள் பல வகை. குலசேகரம் பக்க ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டுப் பழக்குபவர், சிலம்பமும் அடிமுறையும் சொல்லித்தரும் ஆசான், கடற்கரைத் திடலில் வாலிபால் பழக்குபவர், வண்டி ஓட்டப் பழக்குபவர், பக்கவாதம் வந்தவரின் கையை மீட்கப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். தொழில் வேறானாலும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான்: எப்போது திருத்துவது, எப்போது பாராட்டுவது, எப்போது பேசாமல் இருப்பது. ஆய்வுகள் தரும் விடைகளைக் களத்தில் பயன்படும் அளவுக்கு இங்கே தொகுத்திருக்கிறோம்.

கை ஒரு வேலையைக் கற்கும்போது மூளைக்கு என்ன தகவல் போகிறது?

முக்கியமாக இரண்டு வகை. பந்தை ஸ்டம்பை நோக்கி எறிகிறீர்கள். அது ஒரு சாண் இடப்பக்கம் போய் விழுகிறது. எந்தப் பக்கம் தப்பியது, எவ்வளவு தப்பியது என்று கண் சொல்கிறது. இது பிழைத் தகவல். இனி கண்ணைக் கட்டிவிட்டு எறியச் சொல்கிறோம். ஸ்டம்பில் பட்டால் மட்டும் கைதட்டல், படாவிட்டால் அமைதி. இப்போது கிடைப்பது ‘ஆம், இல்லை’ மட்டுமே. இது பரிசுத் தகவல். பரிசு என்றால் காசு, மிட்டாய் என்றில்லை. ‘சரி’ என்ற ஒரு சொல்லும் பரிசுதான்.

பிழைத் தகவலை வைத்துத் திருத்துவதில் சிறுமூளைக்குப் பெரும்பங்கு. கையை அசைக்கும்போதே ‘இப்படி வந்து முடியும்’ என்று அது ஒரு கணிப்புப் போடுகிறது. நடந்தது கணிப்பிலிருந்து விலகினால், விலகலில் ஒரு பகுதியை அடுத்த முறைக்குக் கழித்துக்கொள்கிறது. நாம் நினைக்க வேண்டியதுகூட இல்லை. பரிசுத் தகவல், மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் காங்கிலியா என்ற பகுதி, டோபமைன் என்ற வேதிப்பொருள் வழியாக ‘சற்றுமுன் செய்ததை மறுபடி செய்’ என்று பதியவைக்கிறது.

இந்தப் பங்கீடு ஓரளவுக்கே உண்மை. சிறுமூளைக்குள்ளும் பரிசை எதிர்பார்க்கும் செல்கள் இருப்பதை 2017இல் எலிகளில் கண்டார்கள். ஆனாலும் பயிற்சித் திட்டம் போடுபவருக்கு இந்த இரண்டு கணக்கையும் தனித்தனியே வைத்துக்கொள்வது உதவும். காரணம், பிழை வேகமாகத் திருத்துகிறது, ஆனால் அந்தத் திருத்தம் சீக்கிரம் கரைகிறது. பரிசு மெதுவாகக் கற்றுத்தருகிறது, ஆனால் கற்றதை நிறுத்திவைக்கிறது.

‘இலக்கில் பட்டுவிட்டது, பிறகு ஏன் கை மாறிக்கொண்டே போகிறது?’

சிறுமூளைக்கு உங்கள் மதிப்பெண்ணைப் பற்றிக் கவலை இல்லை. மாட்ஸோனி, க்ராகவர் இருவரும் 2006இல் செய்த சோதனையைப் பாருங்கள். திரையில் நகரும் புள்ளியைக் கை போகும் திசையிலிருந்து 45 பாகை திருப்பிவிட்டார்கள். பங்கேற்றவர்களிடம் தந்திரத்தையும் சொல்லிவிட்டார்கள்: ‘45 பாகை தள்ளி இருக்கும் பக்கத்துக் குறியை நோக்கி நகர்த்துங்கள், சரியாகப் போய்ச் சேரும்.’ அப்படியே சேர்ந்தது. பிழை உடனே ஏறக்குறைய பூஜ்யம். ஆனால் தொடர்ந்து செய்யச்செய்ய, அவர்கள் விரும்பாமலேயே கை விலகி, பிழை கூடியது. கை நோக்கிய இடமும் புள்ளி போன இடமும் வேறாக இருந்ததால், உள்ளே தானாக ஒரு திருத்தம் ஓடிக்கொண்டே இருந்தது.

பயிற்சியில் இதன் பொருள்: ‘கொஞ்சம் இடப்பக்கம் குறிவைத்து அடி’ என்பது போன்ற குறுக்குவழி அன்றைக்கு நல்ல பலன் தரும். அடியில் கை கற்றுக்கொள்வது வேறொன்றாக இருக்கலாம். போட்டிக்கு முந்தைய நாள் அப்படிச் சொல்லலாம். அடிப்படை பழக்கும் மாதத்தில் சொல்லக்கூடாது.

இதை வீட்டில் செய்து பார்க்க முடியுமா?

முடியும். கம்பியுள்ள சாதாரண கணினி மவுஸ் போதும்.

மவுஸின் மூக்கு நேரே பார்க்காமல் சுமார் 30 பாகை இடப்பக்கம் சாயும்படி திருப்பிப் பிடியுங்கள். கையை நேரே முன்னால் தள்ளினால் அம்புக்குறி வலப்பக்கம் சாய்ந்து போகும். திரையில் நான்கு மூலைகளில் நான்கு கோப்புகளை வைத்து, ஒவ்வொரு முறையும் நடுவிலிருந்து தொடங்கி ஒன்றை ஒரே வீச்சில் தொடப் பாருங்கள். பாதி வழியில் நின்று வளைத்துக்கொண்டு போகக்கூடாது. அப்படிச் செய்தால் கற்றல் குறைந்து சமாளிப்புதான் மிஞ்சும். முதல் சில முறை விலகல் பெரிதாக இருக்கும், பிறகு சட்டென்று குறையும், அதன்பின் மெதுவாகக் குறையும். நன்றாகப் பழகியதும் மவுஸை நேராக்கி உடனே ஒன்றைத் தொடுங்கள். இப்போது இடப்பக்கம் தப்பினால், அதுதான் சிறுமூளை செய்துவைத்த திருத்தத்தின் மிச்சம்.

மிச்சம் தெரியவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். திருப்பிப் பிடித்த பிடியே ‘இது வேறு வேலை’ என்று கைக்கு அடையாளம் காட்டியிருக்கும். அல்லது நீங்கள் முழுக்க நினைத்து நினைத்தே செய்திருப்பீர்கள்.

ஆய்வுக்கூடத்தில் இதே வேலைக்கு, காட்சியை ஒரு பக்கமாகத் தள்ளிக்காட்டும் பட்டகக் கண்ணாடி பயன்படுகிறது. அதைப் போட்டுக்கொண்டு பந்து எறிந்தால் ஒரு பக்கமாகத் தப்பும், சில பத்து எறிதலில் சரியாகும், கழற்றினால் எதிர்ப்பக்கம் தப்பும். சிறுமூளை பாதிக்கப்பட்டவர்கள் பலருக்கு இந்தப் பழக்கம் ஏற்படுவதில்லை என்பதை 1996இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

பரிசை மட்டும் வைத்துக் கற்றுக்கொடுக்க முடியுமா?

முடியும், மெதுவாக. எந்தப் பக்கம் திருத்துவது என்று பரிசு சொல்லாது. அதனால் கை தேட வேண்டும்: கொஞ்சம் மாற்றி மாற்றிச் செய்து, பரிசு கிடைத்த இடத்தில் ஒதுங்க வேண்டும். இசாவாவும் ஷாத்மெரும் 2011இல் ஒப்பிட்டபோது, பரிசுத் தகவல் மட்டும் கிடைத்தவர்களும் கையின் திசையை மாற்றக் கற்றார்கள். ஆனால் அவர்களுடைய அசைவில் ஏற்ற இறக்கம் கூடுதலாக இருந்தது. ‘என் கை இப்போது எங்கே இருக்கிறது’ என்ற உணர்வும் பிழை வழியாகக் கற்றவர்களுக்கு மாறியதுபோல் இவர்களுக்கு மாறவில்லை.

இதிலிருந்து பயிற்சியாளருக்கு இரண்டு விஷயம் கிடைக்கிறது. ஒன்று, தொடக்கத்தில் பழகுபவரின் கை நிலையில்லாமல் ஆடுவதைக் கண்டு பதற வேண்டாம். 2014இல் வந்த ஓர் ஆய்வில், தொடக்கத்திலேயே அசைவில் மாறுபாடு அதிகம் உள்ளவர்கள் சில வேலைகளை வேகமாகக் கற்றார்கள். இரண்டு, பரிசுக்கான எல்லையை எங்கே போடுகிறோம் என்பது எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எல்லை எட்டாத தூரத்தில் இருந்தால் பரிசே வராது, தேடலுக்குத் திசை இருக்காது. மிக எளிதாக இருந்தால் தேட வேண்டிய தேவையே இராது.

சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களோடு தெரியன், வோல்பர்ட், பாஸ்டியன் 2016இல் செய்த ஆய்வில் ஓர் எளிய வழி இருக்கிறது: கடைசி 10 முயற்சிகளின் சராசரியைவிட இந்த முயற்சி இலக்கின் பக்கம் நகர்ந்திருந்தால் ‘சரி’, இல்லாவிட்டால் இல்லை. ஆள் முன்னேற முன்னேற எல்லையும் தானே நகர்கிறது. சுமார் பாதி முயற்சிகளுக்குப் பரிசு கிடைக்கிறது. ஒரு நோட்டும் பென்சிலும் இருந்தால் திடலிலும் இதைச் செய்யலாம்.

ரப்பர் பால்வெட்டுப் பழகுபவர் ஒரு மாதம் ஆகியும் மரத்தைக் காயப்படுத்துகிறார். ஏன்?

பெரும்பாலும் கையின் குறை இல்லை. அந்த வேலையில் பிழைத் தகவலும் பரிசுத் தகவலும் எதிரெதிராக இழுக்கின்றன. இரண்டுமே தாமதமாக வருகின்றன. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது.

பால் குழாய்கள் பட்டைக்குள், வளர்படலத்துக்கு (பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே புதுப்பட்டையை வளர்க்கும் மெல்லிய அடுக்குக்கு) அருகில்தான் நெருக்கமாக இருக்கின்றன. கத்தி மேலோட்டமாகப் போனால் பால் குறையும். வளர்படலம்வரை போனால் பால் நன்றாக வரும், ஆனால் மரம் காயப்படும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பின்னாளில் அந்த இடத்தில் வெட்டவே முடியாமல் போகும். இடையில் விட வேண்டிய பட்டை ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். அவ்வளவுதான் இடைவெளி.

இனி தகவல் எப்போது வருகிறது என்று பாருங்கள். பரிசு, அதாவது சிரட்டையில் சேரும் பால், இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத் தெரிகிறது. பிழை, அதாவது முண்டு, பல மாதம் கழித்துத் தெரிகிறது. வெட்டிய கைக்கும் முண்டுக்கும் உள்ள தொடர்பை மூளையால் பிடிக்கவே முடியாது. போதாததற்கு, பாலின் அளவு கையை மட்டும் பொறுத்ததும் இல்லை. விடியலுக்கு முன் வெட்டினால் அதிகம், வெயில் ஏறினால் குறைவு, இலை உதிரும் காலத்தில் குறைவு, மரத்தின் இனத்தைப் பொறுத்தும் மாறும். ஆக, ‘இன்றைக்கு எத்தனை லிட்டர்’ என்று பழகுபவரிடம் தினமும் கேட்கிற முதலாளி, ஆழமாக வெட்டவே அவருக்குப் பரிசு கொடுத்துப் பழக்குகிறார். அவர் அதை அறிந்து செய்வதில்லை, ஆனால் நடப்பது அதுதான்.

மாற்றும் வழி இது. வெட்டி அகற்றப்போகும் முதிர்ந்த மரங்களில் மட்டும் முதல் கட்டப் பயிற்சி. ஒட்டு மரத்துக்கு 30 பாகைச் சாய்வு, இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே. தகட்டை வைத்துச் சாய்வை வரைந்து கொடுத்துவிடுங்கள். முதல் நாளில் சாய்வையும் ஆழத்தையும் ஒன்றாகச் சுமத்த வேண்டாம். வெட்டி முடித்ததும் பால் மறைப்பதற்குள் துணியால் துடைத்து, ‘எவ்வளவு பட்டை மிச்சம் இருக்கும்?’ என்று முதலில் அவரையே கேளுங்கள். அவர் சொன்ன பிறகு நுனியில் மில்லிமீட்டர் குறியிட்ட ஊசியால் இடம், நடு, வலம் என மூன்று இடத்தில் குத்தி அளந்து காட்டுங்கள். பெரும்பாலும் வெட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ஆழம் தப்பும். நடுவில் சரியாக இருக்கும். கணுக்கை திரும்புகிற இடங்கள் அவை.

அன்றைய வேலை முடிந்ததும் வெட்டின் கீழே மிச்சமுள்ள மெல்லிய பட்டையை உரித்து, கத்தி மரத்தைத் தொட்ட தழும்புகளைக் காட்டுங்கள். மாதக்கணக்கில் தாமதமாகும் பிழை இப்போது அன்றைக்கே கண்ணுக்குத் தெரிகிறது. அகற்றப்போகும் மரம் என்பதால்தான் இதைச் செய்ய முடிகிறது.

‘சரி’ என்ற குறியைப் பாலுக்குக் கொடுக்காதீர்கள். மூன்று இடத்திலும் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் மிச்சம் இருந்தால் மரத்தில் சுண்ணாம்புக் குறி ஒன்று. சீவும் கனத்துக்குத் தனிக் கணக்கு: ஒரு வெட்டுக்கு 1 முதல் 1.5 மில்லிமீட்டர் பட்டைதான் போக வேண்டும். வெட்டுக்கு 15 மில்லிமீட்டர் கீழே ஒரு புள்ளி வையுங்கள். பத்து வெட்டுக்கு முன்பே புள்ளி காணாமல் போனால் பட்டை வீணாகிறது. காயம் நின்று, குறி தொடர்ந்து விழ ஆரம்பித்த பிறகே பால் அளவைப் பற்றிப் பேச்செடுக்கலாம்.

கத்தி மழுங்கியிருந்தால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. அழுத்திச் செய்த அசைவையே கை கற்கும்.

ஒவ்வொரு முறையும் தவறைச் சொல்லித் திருத்துவது நல்லதுதானே?

அன்றைக்கு நல்லது, மறுநாள் கெட்டது. வின்ஸ்டீனும் ஷ்மிட்டும் 1990இல் ஒரு குழுவுக்கு எல்லா முயற்சிக்கும், இன்னொரு குழுவுக்குப் பாதி முயற்சிகளுக்கு மட்டும் (தொடக்கத்தில் அதிகம், போகப்போகக் குறைவு) விளைவைச் சொன்னார்கள். பயிற்சியின்போது இரண்டு குழுவும் ஏறக்குறைய சமம். மறுநாள் எதுவும் சொல்லாமல் சோதித்தபோது குறைவாகக் கேட்டவர்களே மேல். எப்போதும் வெளியிலிருந்து விடை வந்துகொண்டிருந்தால், தன் உடம்பிலிருந்து வரும் தகவலைப் படிக்க ஆள் பழகுவதில்லை. சின்னச்சின்ன விலகலுக்கெல்லாம் திருத்தம் கேட்பதால் கை நிலைகொள்வதும் இல்லை.

வாலிபால் சர்வுக்கு ஒரு திட்டம். எதிர்ப்பாதி 9க்கு 9 மீட்டர். அதில் ஒரு மூலையில் 3 மீட்டர் சதுரத்தைக் கயிற்றால் குறியுங்கள். முதல் 10 சர்வுக்கும் எந்தப் பக்கம், எவ்வளவு என்று சொல்லுங்கள்: ‘அரை மீட்டர் நீளம்’, ‘ஒரு மீட்டர் இடம்’. அடுத்த 10இல் சதுரத்துக்கு வெளியே போனால் மட்டும் சொல்லுங்கள். உள்ளே விழுந்தால் பேச்சே வேண்டாம், அந்த மௌனமே ‘சரி’ என்று அவருக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும். கடைசி 10இல் பந்து கையை விட்டதும் அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு எங்கே விழும் என்று சொல்லட்டும், பிறகு நீங்கள் சொல்லுங்கள். மறுநாள் வந்ததும் முதல் 10 சர்வைப் பேசாமல் எண்ணுங்கள். நோட்டில் எழுத வேண்டிய மதிப்பெண் அது. முந்தைய நாள் மாலையில் எடுத்த எண் ஏமாற்றும்.

உடனே சொல்ல வேண்டுமா, கொஞ்சம் பொறுத்தா?

எந்தத் தகவல் என்பதைப் பொறுத்தது. கண்ணால் பார்க்கும் பிழை சிறுமூளைக்கு உடனடியாக வேண்டும். கிடஜாவா குழுவினர் 1995இல் பட்டகக் கண்ணாடிச் சோதனையில், விளைவைக் காட்டுவதை ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு (50 மில்லிநொடி) தாமதித்தாலே பழக்கம் குறைவதைக் கண்டார்கள். 2016இல் வந்த ஆய்வில் ஐந்து நொடி தாமதித்தபோது தானாக நடக்கும் திருத்தம் குன்றியது. யோசித்துச் செய்யும் திருத்தம் மட்டும் அப்படியே இருந்தது. ஆகவே பந்து விழும் இடத்தைத் திரை போட்டு மறைத்துவிட்டுப் பிறகு சொல்வது, வேறொரு மூளைப் பகுதிக்குப் பாடம் நடத்துவதாகும்.

வாயால் சொல்லும் விளைவு அப்படியில்லை. ஸ்வின்னன் குழுவினர் 1990இல் காட்டியது: அசைவு முடிந்த கணமே விளைவைச் சொன்னால், சில நொடி பொறுத்துச் சொல்வதைவிட நினைவில் நிற்பது குறைகிறது. அந்தச் சில நொடியில் ஆள் தன்னைத்தானே மதிப்பிட்டுக்கொள்கிறார். பால்வெட்டுக்காரரிடம் முதலில் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

திட்டினால், அடித்தால் சீக்கிரம் வருகிறதே?

கலியாவும் சகாக்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வை இதற்குச் சான்றாகக் காட்டுகிறவர்கள் உண்டு. தவறுக்குக் காசு பிடித்தபோது பழக்கம் வேகமாக ஏற்பட்டது; சரிக்குக் காசு கொடுத்தபோது கற்றது அதிகம் தங்கியது. அங்கே தண்டனை என்பது சில்லறைக் காசு குறைவதுதான். பிரம்பும் இல்லை, பலர் முன் வசவும் இல்லை. ஒவ்வொரு அசைவுக்கும் பிழையின் அளவுக்கு ஏற்றபடி அது கணக்காகக் குறைந்தது. கோபத்தில் விழும் அடி அப்படி அளந்து விழுவதில்லை. தண்டனையின் வேக லாபமும் எல்லா வேலையிலும் வருவதில்லை. வேலைக்கு வேலை விளைவு மாறுவதை 2016இல் வேறொரு குழு காட்டியது. 2011இல் அபே குழுவினர் செய்த ஆய்வில் பரிசு பெற்றுப் பழகியவர்கள் 30 நாள் கழித்தும் கற்றதை வைத்திருந்தார்கள். தண்டனைக் குழு அப்படி இல்லை.

சிலம்பக் களரியில் பழகும்போது வாங்குகிற தட்டு வேறு கதை. கம்பு இறங்கிய இடம், காவல் விட்ட இடம் எல்லாம் அந்தக் கணமே உடம்புக்குத் தெரிகிறது. அது தண்டனையைவிடப் பிழைத் தகவல் என்றே சொல்ல வேண்டும். மெதுவாக, அளவாகத் தட்டும் ஆசானிடம் பிள்ளைகள் காவலைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வதற்கு இதுவே காரணம். வலிக்கிற மாதிரித் தட்டினால் பிள்ளை உடம்பை இறுக்கிக்கொள்ளும், காவல் கற்காது.

எல்லாவற்றுக்கும் ‘சூப்பர்’ சொன்னால் என்ன கெட்டுப்போகும்?

சொல் செத்துப்போகும். ஷுல்ட்ஸ் குரங்குகளில் பதிவு செய்த டோபமைன் செல்கள் எதிர்பாராத பழச்சாற்றுக்குத் துடித்தன. எதிர்பார்த்த சாறு வந்தபோது அமைதியாக இருந்தன. எதிர்பார்த்தது வராதபோது துடிப்பு குறைந்தது. 1997இல் டயான், மாண்டேக் இருவருடன் அவர் எழுதிய கட்டுரை இதைக் கணக்காகவே விளக்கியது: செல்கள் சொல்வது பரிசின் அளவை இல்லை, எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. எப்போதும் வரும் பாராட்டில் வித்தியாசம் பூஜ்யம்.

தோவாளையில் மாணிக்க மாலை கட்டப் பழகும் பிள்ளையிடம் ‘நல்லா இருக்கு மக்கா’ என்பதைவிட, ‘இந்த வரியில் அரளி மடிப்பு எல்லாம் ஒரே அகலம்’ என்று சொல்வது இரட்டைப் பயன் தரும். எது சரி என்பதும் அதில் இருக்கிறது, சரி என்பதும் இருக்கிறது.

‘85 சதவீதம் வெற்றி கிடைக்கிற மாதிரி வைக்க வேண்டும்’ என்கிறார்களே?

2019இல் வந்த அந்த எண் ஒரு கணித மாதிரியிலிருந்து வந்தது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகைப்பாட்டு வேலைக்கானது. சர்வுக்கோ தையலுக்கோ அதை அப்படியே எடுத்துவைக்க ஆதாரம் இல்லை.

காற்றடிக்கிற திடலில் பிழையை எப்படிக் கணக்கிடுவது?

ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வெளியே பழகுபவர்களுக்கு இது உண்மையான தொல்லை. ஒரே திசையில் நிலையாக வீசும் காற்று கெடுதல் செய்யாது. கை அதற்குப் பழகிவிடும். விட்டு விட்டு அடிக்கும் காற்றில், போன முறை தப்பியதற்கு இந்த முறை திருத்தினால் எதிர்ப்பக்கம் தப்பும். 2014இல் ஹெர்ஸ்ஃபெல்ட், ஷாத்மெர் குழுவினர் காட்டியபடி, சூழல் நிலையாக இருக்கும்போது மூளை ஒவ்வொரு பிழையிலிருந்தும் அதிகம் கற்கிறது. சூழல் தாறுமாறாக மாறும்போது பிழையைப் பெரிதாக எடுத்துக்கொள்வதை அதுவே குறைத்துக்கொள்கிறது. அதனால் சீறிச்சீறி வீசும் நாளில் தனித்தனி முயற்சிக்குத் திருத்தம் சொல்லாதீர்கள். பத்துக்கு ஒருமுறை சராசரியைச் சொல்லுங்கள்: ‘பத்தில் ஏழு வலப்பக்கம்.’ புதிதாக ஒன்றை அந்த நாளில் தொடங்கவும் வேண்டாம்.

நேற்று நன்றாக வந்தது இன்று ஏன் வரவில்லை?

கற்றல் ஒரே ஓட்டமாக நடப்பதில்லை. ஸ்மித், காஸிஸாதே, ஷாத்மெர் 2006இல் முன்வைத்த மாதிரிப்படி குறைந்தது இரண்டு ஓட்டங்கள்: ஒன்று வேகமாகக் கற்று வேகமாக மறக்கும், மற்றது மெதுவாகக் கற்று மெதுவாக மறக்கும். முதல் அரைமணி நேரத்தில் தெரியும் முன்னேற்றத்தில் பெரும்பகுதி முதலாவது ஓட்டத்துடையது. அதைப் பார்த்து ‘வந்துவிட்டது’ என்று நிறுத்திவிட்டால் காலையில் கை வெறுமையாக இருக்கும். வந்த பிறகும் கொஞ்ச நேரம், பரிசு மட்டும் கொடுத்து, அதே அசைவைத் தொடரவிடுங்கள். 2012இல் ஷ்முவலோஃப் குழுவினர், பழகி முடிந்த கட்டத்தில் பிழையைக் காட்டாமல் ‘சரி, தப்பு’ மட்டும் சொல்லித் தொடரவிட்டபோது மறதி குறைந்ததைக் கண்டார்கள்.

கற்றதற்கு மேல் உடனே முரண்பட்ட வேறொன்றைக் கற்பித்தாலும் முதலாவது அழிகிறது. 1996இல் ஒரு ரோபோ கைப்பிடியைக் கொண்டு செய்த சோதனையில், முதல் வேலை முடிந்த கையோடு எதிர்விசையில் இரண்டாவது வேலையைக் கொடுத்தபோது முதலாவது கெட்டது. நான்கு மணி நேர இடைவெளி விட்டபோது கெடவில்லை. காலையில் ஸ்கூட்டர், உடனே கியர் பைக் என்று எட்டுப் போடப் பழக்குகிறவர்கள் ஒன்றை மாலைக்குத் தள்ளலாம்.

இதற்கு முரணாகத் தோன்றும் இன்னொன்றும் உண்டு. பழகிய பிறகு ஒரே வகையை 30 முறை செய்வதைவிட மூன்று வகைகளைக் கலந்து செய்வது நெடுநாள் நிற்கும். 1979இல் ஷே, மார்கன் இருவரும் காட்டியது. பயிற்சியின்போது கலந்து செய்தவர்கள் மோசமாகத் தெரிந்தார்கள், பத்து நாள் கழித்து அவர்களே மேலாக இருந்தார்கள். பழகுபவரும் பெற்றோரும் இந்தக் கட்டத்தில்தான் முறையிடுவார்கள். முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

கையைப் பிடித்து நடத்திக்காட்டலாமா? பயிற்சி வண்டியில் நாமே பிரேக் பிடிக்கலாமா?

ஆபத்தைத் தடுக்கப் பிடித்தே ஆக வேண்டும். அசைவின் வடிவம் தெரியாதவருக்கு இரண்டு மூன்று முறை கைபிடித்துக் காட்டலாம். அதற்கு மேல் போனால் பழகுபவருக்குப் பிழையே நேர்வதில்லை, நேராத பிழையிலிருந்து சிறுமூளை எதையும் எடுக்க முடியாது. பக்கத்து பிரேக்கில் எப்போதும் ஒரு கால் இருப்பது தெரிந்தால், எங்கே வேகம் குறைக்க வேண்டும் என்று பார்க்கும் கண்ணும் சோம்பிவிடும். நீங்கள் பிரேக் தொட்ட ஒவ்வொரு முறையையும் ‘இப்போது நான் பிடித்தேன்’ என்று சொல்லிவிடுங்கள். வண்டி தன்னால் நின்றதாக அவர் நினைத்துக்கொள்ளக் கூடாது.

பக்கவாதம் வந்தவருக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறைய. ஆனால் எந்தப் பகுதி பாதிக்கப்பட்டது என்று தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும். சிறுமூளை பாதிப்பு என்றால் பிழையைக் காட்டிக் காட்டித் திருத்துவது பலன் குறைவு. மேலே சொன்ன பத்தின் சராசரி முறையில் பரிசு வழியாக முயலலாம். பார்க்கின்சன் நோயில் நிலைமை வேறு: பரிசு தவறினால் அடுத்த முறை அசைவை மாற்றித் தேடும் இயல்பே குன்றியிருப்பதை 2015இல் கண்டார்கள். அவர்களுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு என்று தெளிவாகக் காட்டுவது உதவும்.

பெருமூளைப் பாதிப்பால் கால் இழுப்பவர்களிடம் பிழையைக் குறைக்காமல் வேண்டுமென்றே கூட்டும் வழியும் உண்டு. இரண்டு பட்டை உள்ள நடைப்பொறியில் இரு கால்களும் வெவ்வேறு வேகத்தில், ஒன்று மற்றதைப் போல் இரு மடங்காக ஓடும். நொண்டல் கூடுவதால் மூளை திருத்துகிறது. பட்டைகளைச் சமமாக்கியதும் சிறிது நேரம் நடை சீராகிறது. 2007இல் ரைஸ்மன், பாஸ்டியன் குழுவினர் காட்டிய இந்த விளைவு தற்காலிகமானது. பல வாரம் தொடர்ந்தால்தான் கொஞ்சம் தங்கும்.

வீட்டில் செய்யக்கூடியது நல்ல கையைக் கட்டுப்படுத்தும் முறை. 2006இல் வெளியான 222 பேர் கொண்ட எக்ஸைட் ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதமான, மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவு நீட்ட முடிந்தவர்களைச் சேர்த்தார்கள். நல்ல கைக்கு உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம்வரை இரண்டு வாரம் வைத்து, பலவீனமான கையால் வேலைகளைப் படிப்படியாகச் செய்யவைத்தார்கள். பலன் ஓராண்டு கழித்தும் இருந்தது. விரலை அசைக்கவே முடியாதவருக்கு இது பொருந்தாது. நடக்கும்போது உறை மாட்டினால் தடுமாறி விழுந்தால் ஊன்றக் கை இருக்காது. அதனால் பிசியோதெரபிஸ்டைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. வீட்டார் செய்யும் தப்பு ஒன்று: கஷ்டப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல் சோற்றை ஊட்டிவிடுகிறார்கள். டம்ளரை வாய்வரை கொண்டுபோவது முடியாவிட்டால் மேசையில் பத்து சென்டிமீட்டர் நகர்த்துவதை இலக்காக்குங்கள். அது பத்தில் ஏழெட்டு முறை வந்ததும் பதினைந்தாக்குங்கள்.

ஞாபகமறதி உள்ளவருக்குக் கைப்பழக்கம் வருமா?

வரும். வாழ்ந்த காலத்தில் எச்.எம். என்று மட்டும் அறியப்பட்ட நோயாளிக்குப் புது நினைவுகள் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் 1962இல் எழுதியபடி, கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் வேலையை அவர் மூன்று நாளில் நன்றாகப் பழகினார். ஒவ்வொரு நாளும் அதைப் புதிதாகச் செய்வதாகவே நினைத்தார். ஆகவே ‘சொன்னது ஞாபகம் இல்லை’ என்பதை வைத்துக் கை கற்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். கையையே செய்யச்சொல்லிப் பாருங்கள்.

கைபேசியில் வீடியோ எடுத்துக் காட்டுவது உதவுமா?

எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிக் காட்டினால் உதவும். சும்மா ஓடவிட்டால் புதிதாகப் பழகுபவர் தன் முகத்தையும் சட்டையையும் பார்ப்பார். ஒரு தடவைக்கு ஒரே கேள்வி: பந்தை எறிந்த உயரம், அல்லது கத்தி திரும்பும் இடத்தில் கணுக்கை. பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் கைபேசியை ஊன்றிவைத்து, மெதுவோட்டத்தில் எடுங்கள். பார்த்துவிட்டுச் செய்யும் அடுத்த ஐந்து முயற்சிக்கு வாய்த் திருத்தம் வேண்டாம். கண்ணால் பார்த்ததைக் கைக்கு மாற்ற அவருக்கு அந்த ஐந்தும் தேவை.